இரண்டு சாண் பின்னால்

விருது கிடைத்த செய்தி வந்தபோது நான் பஸ் கராஜில், ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தேன். போனில் எங்கள் விமானக் குழுவின் தலைமை மெக்கானிக். எழுபது வயது வெள்ளைக்காரர். இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத மனிதர். அன்று ஆங்கிலத்தில் கத்தினார், "கிடைச்சிட்டுது!" நானும் "ஓம்! ஓம்!" என்று ஆமோதித்துக் கத்தினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. விளங்கியிருக்கும்.

மன்னரின் பெயரால் தொண்டர் குழுக்களுக்குக் கொடுக்கிற விருது அது. நாங்கள் பதினாறு பேர். சம்பளம் இல்லை. லண்டனுக்குத் தெற்கே, குரோய்டனுக்கு அங்காலே மேட்டில் ஒரு சின்ன விமானத் திடல். அங்கே ஒரு மஞ்சள் விமானம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சண்டைக்குப் போகமுன் விமானிகள் ஓட்டிப் பழகியது. நாலு வருசம் பாகம் பாகமாகப் பிரித்துப் பூட்டினோம். பறக்க அனுமதியும் வாங்கினோம். சனிக்கிழமை என்றால் நான் அங்கேதான்.

மனைவிக்கு முதலில் பிடிக்கவில்லை. "ஊரில குண்டு போடுற பிளேன் சத்தம் கேட்டா பங்கர்க் குழிக்குள்ள ஓடின மனுசன். இஞ்ச வந்து பிளேனுக்கு எண்ணெய் பூசுறார்" என்று கனடாவில் இருக்கும் தங்கச்சிக்குச் சொல்லுவாள். பொய்யில்லை. முதல் நாள் எஞ்சின் முழங்கியபோது என் முழங்கால் தானாக மடங்கியது. பிறகு அதே சத்தத்தில் எந்த சிலிண்டர் சரியில்லை என்று கேட்கப் பழகினேன்.

அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒன்பது சிலிண்டர், வட்டமாக. ஓடாமல் நின்றால் எண்ணெய் கீழே இருக்கிற சிலிண்டர்களுக்குள் இறங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் உள்ளே இரும்பு வளையும். அதனால் முதலில் முன் விசிறியைக் கையால் சுற்றி எண்ணெயை வெளியே தள்ளுவோம். அலகு என்றால் விசிறியின் இறக்கை; கீழே வரவர ஒன்பது அலகு எண்ண வேண்டும். முன்பக்கம், எஞ்சின் சுற்றுகிற பக்கம் மட்டும். பின்பக்கம் திருப்பினால் எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் ஏறி ஒளித்துக்கொள்ளும். சுற்றும் கைக்குத் தெரியாது. ஸ்டார்ட் ஆனதும் உள்ளே இழுபட்டு எஞ்சினை உடைக்கும். அந்தச் சுற்று என் வேலை.

விருது நாள் வந்தது. மன்னரின் சார்பில் ஒரு அம்மா வந்தார். மூன்று மணிக்கு அவர் வேறு இடம் போகவேண்டும். இரண்டு மணிக்கு விமானம் பறக்கும், பிறகு விருது. மேடையில் ஏறி வாங்க இரண்டு பேர். தலைமை மெக்கானிக்கும் நானும். மனைவி கூறைச்சேலை கட்டி வந்து, கனடாவுக்கு வீடியோ அழைப்பும் போட்டுவிட்டாள்.

காலையில் போட்டோக்காரர் விசிறி கோணலாக நிற்கிறது என்றார். அதே நேரம் மனைவி, "இஞ்சருங்கோ, உங்கட டையும் கோணல்!" என்றாள். ஒரு கையால் டையைப் பிடித்தேன். மற்றக் கையால் கிட்ட நின்ற அலகை இழுத்தேன். நேராக நின்றது. படம் எடுத்தார்கள்.

ஒன்றரைக்குக் கோட்டைக் கழற்றிவிட்டு விசிறியைச் சுற்றினேன். ஒன்பதும் சுகமாகப் போனது. ஒன்பதாவது அலகைக் கீழே இழுக்கும்போதுதான் காலையில் இழுத்தது ஞாபகம் வந்தது. பின்பக்கம் இழுத்திருக்கிறேன்.

விமானி மேலே தன் இருக்கையில் இருந்தார். சனத்தை மறித்துக் கட்டிய கயிற்றுக்கு அப்பால் முந்நூறு பேர். தலைமை மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் பெருவிரலைத் தூக்கினால் ஸ்டார்ட்.

கொஞ்சம்தானே இழுத்தேன். எண்ணெய் ஏறாமலும் இருக்கலாம். ஏறியிருந்தால் நாலு வருசம் போச்சு.

"நிப்பாட்டுங்கோ!"

தமிழில்தான் வந்தது. பிறகு தலைமை மெக்கானிக்கிடம் போய் ஆங்கிலத்தில் சொன்னேன். "காலமை பின்பக்கம் திருப்பிப்போட்டன்."

"எவ்வளவு?"

இரண்டு சாண் காட்டினேன். ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு, "கழட்டு" என்றார்.

கயிற்றடியில் இருந்து மனைவி கூப்பிட்டாள். "என்னப்பா கழட்டுறியள்? ஆக்கள் எல்லாம் பாத்துக்கொண்டு நிக்கினம்!"

"பிழை விட்டிட்டன்."

"இண்டைக்கோ?"

"இண்டைக்குத்தான்."

"உங்களுக்கு வேற நாள் கிடைக்கேல்லையோ!"

கீழ் சிலிண்டர்களின் பிளக்குகளையும் காற்றுக் குழாய்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. இரண்டேகால். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். என் சட்டை முதுகோடு ஒட்டியது.

மூன்றாவது குழாய் அசைந்ததும் என் கைக்குள் எண்ணெய் கொட்டியது. கறுப்பாக. ஒருவர் தேத்தண்ணிக் கப்பை நீட்டினார். அரைக் கப் வந்தது. தலைமை மெக்கானிக் அதை வாங்கி, விமானிக்குத் தூக்கிக் காட்டினார். விமானி இறங்கி வந்தார். கப்புக்குள் பார்த்தார். என் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கையும் கறுத்தது.

மன்னரின் சார்பில் வந்த அம்மாவும் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டார். "இது என்ன?"

"இன்றைக்கு உடைந்திருக்க வேண்டிய எஞ்சின்" என்றார் தலைமை மெக்கானிக்.

அந்த அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். சாரதியைக் கூப்பிட்டு, அடுத்துப் போகவேண்டிய இடத்துக்குப் போன் பண்ணிப் பிந்தும் என்று சொல்லச் சொன்னார். "நீங்கள் பூட்டுங்கள். நான் பறக்கிறதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன்." சனம் கை தட்டியது. நான் குனிந்து பூட்டினேன்.

மூன்று மணிக்குத் திரும்ப ஒன்பது அலகு. எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். ஒன்பதுக்குப் பெருவிரலைத் தூக்கினேன். எஞ்சின் இருமியது. வெள்ளைப் புகை கக்கியது. பிறகு பிடித்தது! ஒன்பது சிலிண்டரும் ஒரே சீராக. அந்த அம்மாவின் தொப்பி பறந்தது. அவர் அதைத் தேடவில்லை.

மஞ்சள் விமானம் புல்லில் ஓடி, துள்ளி, எழும்பியது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. தலைமை மெக்கானிக் என் தோளில் குத்திக்கொண்டே நின்றார். கயிற்றடியில் மனைவி போனை வானத்துக்குப் பிடித்தபடி கனடாவுக்குக் கத்திக்கொண்டிருந்தாள்.

"பாருங்கோடி, பாருங்கோ! என்ர மனுசன் பிழை விட்டது! என்ர மனுசன்தான் நிப்பாட்டினது! அந்தா போகுது, பாருங்கோ!"