சத்தம் கூடும்போது

அடுப்படியில் நின்றிருந்தேன். கூடத்தில் டிவியின் சத்தம் திடீரென்று கூடியது. ஏதோ பெயிண்டு விளம்பரம். அதை இவ்வளவு சத்தமாகக் கேட்க அம்மாவுக்குக் காது மந்தமில்லை.

தொண்ணூறுகளில், ஆழ்வார்குறிச்சி வீட்டில், தாத்தாவின் கட்டிலை ஒட்டி ஒரு ரேடியோ இருந்தது. தீராத முழங்கால் வலி அவருக்கு. எழுந்திருக்கும்போது முனகிவிடுவார். அது மருமகள் காதில் விழக் கூடாதென்று முதலில் ரேடியோவைத் திருகுவார். விவசாய நிகழ்ச்சியில் சொல்லும் உரம் போடும் பக்குவம் தெருக்கோடி வரை கேட்கும். படிக்க முடியாமல் நான் எரிந்து விழுவேன்.

அம்மா இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றுவாள். கல்லுப்பு படபடவென்று வெடிக்கும். அதைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து எடுத்துப்போவாள்.

வலிக்கிறதா என்று அவள் கேட்டதே இல்லை. யார் கேட்டாலும், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார்.

"எந்தக் காலு மாமா?" என்றுதான் கேட்பாள்.

"எடது" என்பார் தாத்தா, வேறு வழியில்லாமல். ஒத்தடத்தின் சூடு இறங்க இறங்க, அவர் கை ரேடியோவைப் பைய அடக்கும்.

இப்போது நான் உப்பை வறுத்துத் துணியில் முடிந்துகொண்டு கூடத்துக்குப் போனேன். அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்தக் காலு, அம்மா?"

முடிச்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள்.

"ஏட்டி, ரெண்டுந்தான்."