இடுப்பளவு வெள்ளம்

வட்டக்கச்சியில் எங்கள் ஒழுங்கைக்குள் வெள்ளம் வந்தபோது முற்றத்தில் முழங்காலளவுதான் நின்றது. நிவாரணத்துக்கு விவரம் பதிய வந்த கிராம சேவகரிடம் நான் இடுப்பளவு என்று சொல்லிக் கையெழுத்தும் வைத்தேன். ஒழுங்கையின் இரண்டு பக்க வீடுகளும் அப்படித்தான் சொல்லியிருந்தன. நான் மட்டும் முழங்கால் என்றால் அயலட்டை முழுவதையும் பொய்யராக்கிய பழி எனக்கு வந்துவிடும்.

அடுத்த வருடம் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட அனுமதி கேட்டேன். காணி பார்க்கப் பிரதேச சபையிலிருந்து வந்த தொழில்நுட்ப அலுவலர் என் மகள் வயதுப் பெண். வெள்ளம் ஏறும் காணியில், தண்ணீர் நின்ற உயரத்துக்கும் மேலே ஒன்றரை அடியில்தான் வீட்டின் தரை இருக்கவேண்டும் என்று விதியை விளங்கப்படுத்தினார். அத்திவாரத்துக்குள் எத்தனை லோட் கிறவல் மண் போகும் என்று யோசித்தேன். கணுக்கால் நனையத்தான் நின்றது என்றேன்.

அவர் கோப்பைப் புரட்டினார்.

“ஐயா, இதில இடுப்பளவு எண்டு கிடக்கு. இது உங்கட கையெழுத்துத்தானே?”

“ஓம்.”

“அப்ப எது சரி?”

குசினி வாசலில் நின்ற மனைவிக்குப் பொறுக்கவில்லை. “ரெண்டும் இல்லைப் பிள்ளை. முழங்கால்.”

அந்தப் பெண் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். “கடுதாசியில உள்ளதைத்தான் அம்மா நான் எடுக்கேலும்.”

இடுப்புக்கு மூன்றடி, விதிக்கு ஒன்றரை. ஏறுவதற்கு ஒன்பது படி. மேசன் இது வீடோ, யானைக்குப் பயந்து கட்டுகிற பரணோ என்று கேட்டார். குடிபுகுந்த அன்று அயலவர்கள் மூச்சு வாங்கியபடி ஏறிவந்து, என் பெருமையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

அந்த மாரியில் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள். விடியும்போது தண்ணீர் ஆறாம் படியில் நின்றது. உண்மையாகவே இடுப்பளவு. ஒழுங்கையே பிள்ளைகளோடும் கோழிகளோடும் எங்கள் விறாந்தைக்கு வந்துவிட்டது. மூன்று நாள் மனைவி பெரிய பானையில் கஞ்சி காய்ச்சினாள். நான் கோப்பைகளைக் கழுவினேன். என் முன்யோசனையை எல்லோரும் மெச்சினார்கள். முதல் நாள் மறுத்துப் பார்த்தேன், தன்னடக்கம் என்றார்கள். இரண்டாம் நாள் மறுக்கவில்லை.

வெள்ளம் வடிந்தபின் கிராமத்து அனர்த்தக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். கட்டட விதிகளை ஏன் மதிக்கவேண்டும் என்று பொதுநோக்கு மண்டபத்தில் அரை மணித்தியாலம் பேசினேன். அலுவலர் பெண் கடைசி வரிசையிலிருந்து கைதட்டினார். முன்வரிசையிலிருந்த மனைவி கடைசிவரை நிமிரவேயில்லை.