பிஸ்டன் இளகிய நாள்

காறிப்போன தேங்காய் எண்ணெயின் வாடை ஓர் இரும்பு இயந்திரத்துக்குள்ளிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். ஐந்து வருடம் சவூதியில் இருந்துவிட்டுத் திரும்பிய அப்பா, வந்த மறுநாள் காலையில், கொட்டகை மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்த தன் பழைய மோட்டார் சைக்கிளின் பிளக்கைக் கழற்றியபோது, அந்தச் சின்ன ஓட்டையிலிருந்து அது குப்பென்று கிளம்பியது. அப்பா குனிந்து முகர்ந்தார், அம்மாவைத் திரும்பிப் பார்த்தார், மறுபடியும் முகர்ந்தார்.

"ஏட்டி, இதுக்குள்ள என்னத்த ஊத்துன?"

அவர் ஊரைவிட்டுப் போகும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்: மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி இரண்டு மூடி இஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டும், பிறகு கிக்கரை நாலு மிதி மிதிக்க வேண்டும். முதல் வருடத்திலேயே ஆயில் டப்பா காலியாகிவிட்டது. அம்மா யோசித்திருக்கிறாள். கதவுக் கீல் கிரீச்சிட்டால், பூட்டு திறக்காவிட்டால், தையல் மெஷின் இறுகினால், பிள்ளைக்குக் கரப்பான் வந்தால், எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் ஒரே மருந்துதான். "நம்ம தேங்காய ஆட்டுன எண்ணெய்தான். பிள்ளைக்கு வாயில விடுகத ஊத்தியிருக்கேன், அந்தக் கறுத்த ஆயிலவிட இதுல என்ன கொறவு?" என்றாள் அம்மா, கொஞ்சம் கோபமாகவே. கிக்கரை மிதித்தாயா என்று கேட்டதற்கு, "சேலையக் கெட்டிக்கிட்டு நான் அதுல ஏறி மிதிக்கவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா தரையில் உட்கார்ந்து சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ராஜாக்கமங்கலத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்று ஒரு பக்கம், அம்மாவின் எண்ணெய் இன்னொரு பக்கமாக, இஞ்சினுக்குள் மேலும் கீழும் போய்வர வேண்டிய பிஸ்டன் சுவரோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டது. எண்ணெய் பலாப்பிசின் போல இறுகியிருந்தது. வண்டி "பிடிச்சிட்டு" என்றார் அப்பா. அது வெள்ளைக்காரன் காலத்து வண்டி. நெய்யூரில் யாரோ ஒரு டாக்டர் ஓட்டியது, இரண்டு கை மாறி அப்பாவிடம் வந்தது. உடைந்தால் மாற்றிப்போட அந்த பிஸ்டன் எங்கும் கிடைக்காது.

எனக்கு அப்போது பதினொரு வயது. ஆறு வயதில் என்னை விட்டுப் போனவர் அப்பா. நடுவில் எனக்கு அவர் ஒரு போட்டோவும், டேப் ரிக்கார்டரில் போட்டுக் கேட்கிற கேசட் குரலும்தான். வந்த பிறகு கிணற்றடியில் பாடுகிற, கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு வழிக்கிற, என் கணக்கு நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு திருத்துகிற ஒரு மனிதராக அவர் மெல்ல மெல்ல ஆனார். ஸ்கூல் விட்டதும் நான் ஓடி வருவேன். கொட்டகையில் ஸ்பானர் சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும்.

ஆனால் அவர் அந்த வண்டியைப் பழுது பார்த்தது ஓட்டுவதற்கு அல்ல, விற்பதற்கு. பழைய வண்டிகளைச் சேர்க்கிற திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் வந்து பார்த்திருந்தார். உள்ளே கீறல் விழாமல், பிஸ்டன் உடையாமல் இளகினால் எடுத்துக்கொள்வதாகவும், இல்லையென்றால் வேண்டாமென்றும் சொல்லிவிட்டார். அந்தப் பணம் வந்தால் அப்பாவுக்குப் புது விசா. வராவிட்டால், கோட்டாற்றில் ஒரு வொர்க்‌ஷாப்பில் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள், அங்கே வேலைக்குப் போவார், சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவார். இதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று முதல் என் ஜெபமெல்லாம் ஒரு பிஸ்டனைப் பற்றியதாக ஆகிவிட்டது. ஆண்டவரே, அது இளகக்கூடாது.

அடுத்த வீட்டு தாசன் மாமா தினமும் வந்து யோசனை சொல்வார். "ஒரு மரக்கட்டைய மேல வச்சி ஓங்கி ஒரு போடு போட்டா தன்னால எறங்கும்."

"எறங்கும். ரெண்டு துண்டா எறங்கும்" என்பார் அப்பா.

மாமாவின் கையில் ஒரு சம்மட்டி கிடைக்கவேண்டுமே என்று நான் ஏங்கினேன். அப்பா யாரையும் தொட விடவில்லை. இஞ்சினின் தலையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒட்டி நின்ற பிஸ்டனின் மேல் மண்ணெண்ணெயும் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவார். அது ஓரத்து இடுக்கு வழியே சொட்டுச் சொட்டாகக் கசிந்து இறங்கி, இறுகியதைக் கரைக்க வேண்டும். பிறகு வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னே ஒரு விரற்கடை, பின்னே ஒரு விரற்கடை, குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவது போல ஆட்டுவார். "இரும்புகிட்ட பெலத்தக் காட்டப்பிடாது மக்கா" என்பார். ஒரு மாதம் இப்படியே போனது. விசா காரியமாக அவர் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலையத் தொடங்கியதும், காலையும் மாலையும் கலவை ஊற்றுகிற வேலை என்னிடம் வந்தது.

என்ன செய்தேன் என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். கலவையை வாழை மரத்தடியில் கொட்டினேன். அடுக்களையிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து பிஸ்டனின் மேல் ஊற்றித் துணியால் மூடினேன். ஐந்து வருடம் ஊற்றிப் பிடித்தது, இன்னும் கொஞ்சம் ஊற்றினால் இன்னும் பிடிக்கும் என்பது என் கணக்கு. ஒன்பது நாள். அப்பா இடையிடையே சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது ஏன் எளக மாட்டேங்கு?" என்று தலையைச் சொறிவார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். கூடவே அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும்.

மார்கழிக் குளிரை நான் மறந்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையில், ஒரு காலையில் அப்பா துணியைத் தூக்கிப் பார்த்தபோது பிஸ்டனின் மேல் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. நான் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை விரலால் தொட்டார், மூக்கின் அருகே கொண்டுபோனார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மக்கா, இஞ்ச வா."

அடி விழும் என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர் தன் பனியனைக் கழற்றி அந்த வெள்ளையை மெதுவாக வழித்து எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் போவாண்டாமா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. ஒரு பெரிய மனிதரிடம் கேட்பது போலக் கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்தார். என் வாயில் பல்பொடி எச்சில். பிடிபட்டுவிட்ட வெட்கம் காதுவரை சுட்டது. கெட்ட பிள்ளை என்று அவர் நினைத்துவிடக்கூடாதே என்பதைத் தவிர வேறு எதுவும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. வீட்டு வாசலில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தை தானாக வந்தது.

"போயிட்டு வாங்கப்பா."

அவர் தலையை ஆட்டினார். "செரி மக்கா" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கலவையை அவரே ஊற்றினார். சாக்கை வெந்நீரில் முக்கிப் பிழிந்து சிலிண்டரைச் சுற்றி ஒத்தடம் கொடுத்தார். நாலாவது நாள் சக்கரத்தை ஆட்டியபோது உள்ளே "டிக்" என்று விரல் சொடுக்கும் அளவுக்கு ஒரு சத்தம். சக்கரத்தில் சாக்பீஸால் போட்டிருந்த அடையாளக் கோடு மயிரிழை நகர்ந்திருந்தது. அப்பா அவசரப்படவில்லை, மறுபடி பின்னே, மறுபடி முன்னே, இன்னும் கொஞ்சம் கலவை. மதியத்துக்குள் பிஸ்டன் முழுசாக இறங்கி ஏறியது. சிலிண்டருக்குள் ஒரு கீறல் இல்லை. தாசன் மாமாவே கையைத் தட்டினார். "ஏட்டி, எளகிட்டு" என்று அப்பா அடுக்களையைப் பார்த்துச் சொன்னார். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்து, "நல்லது" என்றுவிட்டுத் திரும்பிப் போனாள். அங்கே நின்ற நாலு பேரில் சந்தோஷப்பட்டவர் தாசன் மாமா மட்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பொங்கல் கழிந்து வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாசியில் அப்பா போனார். இரண்டு வருடம் கேசட் வந்தது. மூன்றாவது வருடம், அங்கே வேலைக்குப் போவதற்காகச் செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று தகவல் வந்தது. பதினேழு நாள் கழித்துப் பெட்டி வந்தது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நான் இப்போது அப்பா இறந்த வயதைத் தாண்டிவிட்டேன். கொட்டகை இருந்த இடத்தில் என் மகனின் கார் நிற்கிறது. வாழை இல்லை, கிணற்றை மூடிவிட்டோம், கேசட்டுகளை ஈரம் தின்றுவிட்டது, ஒன்றில்கூட அவர் குரல் இல்லை. தாசன் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மோட்டார் சைக்கிள் மட்டும் எங்காவது ஒரு கூடத்தில் துடைத்துப் பளபளவென்று நிற்கலாம், நான் தேடிப் போகவில்லை.

போன மழைக்காலத்தில் அம்மா முட்டுவலியோடு படுத்திருந்தாள். அவள் காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தபோது, ஏனோ, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். எண்ணெய் ஊற்றியதை, பிடிபட்டதை, அவர் கேட்டதை, நான் சொன்னதை. யாரிடமும் சொல்லாத விஷயம். அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அப்பா கோட்டாற்று பஸ்ஸில் தினமும் வந்து இறங்கியிருப்பாரே அம்மா என்று அழுதேன்.

"நீ ஊத்துனது எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "குப்பி கொறையக் கொறைய நெறச்சி வச்சது ஆரு?"

நான் தைலக் கையோடு நிமிர்ந்து பார்த்தேன். அவள் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ராத்திரி அவிய எங்கிட்டயும் கேட்டாவ, மக்கா. போவாண்டாமான்னு. பிள்ளையும் போயிட்டு வாங்கன்னு சொல்லியாச்சு, நீ என்ன சொல்லுகன்னு கேட்டாவ. என்னைக்கும் ஒண்ணும் எங்கிட்ட கேக்காத மனுசன். நானும் போயிட்டு வாங்கன்னுதான் சொன்னேன்."

அவருக்கென்று வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.