ஜெபல் அலியில் பதினாலாம் நம்பர் அறை வாசல்

மூத்த பேரன் தோஹா தொழில்பேட்டையில் ஃபோர்மேன் ஆகிவிட்டான். பெரிய பேத்தி சலாலாவில் நர்ஸ். போன மாதம் கார் ஓட்ட லைசென்ஸ் எடுத்தாள், அதுவும் முதல் தடவையிலேயே. சின்னவள் கயல்விழி சினிமாவுக்கு ஒலிப்பதிவு செய்கிறாள். தாய்லாந்து டைரக்டர் ஒருவர், இத்தனை பேர் இருக்க, என் பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறார். அவளைப் பார்க்கத்தான் தை மாதம் துபாய் போனேன்.

டைரக்டர் பெயர் சோம்சாய். எனக்குச் சோமு. இருபது வருடத்தில் மூன்றே படம். முதல் படத்துக்கு அப்பாவின் மோட்டார் சைக்கிளை விற்றாராம். வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாண வீடியோ. சொந்த ஊர்த் தியேட்டரில் ஒரு வாரம் ஓடிய படத்துக்கு அவரே டிக்கெட் கிழித்துக் கொடுத்தாராம். நடிகர்கள் கிடையாது, இருக்கிறவர்களை இருக்கிறபடி எடுப்பார்.

நான் தங்கியிருந்த கராமாவிலிருந்து, படம் எடுக்கும் ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப் முப்பத்தைந்து கிலோமீட்டர். பதினொன்றுக்கு டாக்ஸி ஏறினேன். நாற்பது நிமிடம், எண்பத்தெட்டு திர்ஹம். கையில் எல்லோருக்கும் எலுமிச்சை சாதம். டிரைவர் ராமநாதபுரத்துக்காரர். "கேம்புல ஒங்களுக்கு என்னம்மா வேல?" என்றார். சினிமா வேலை என்றேன். அதற்குப் பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கேட்டில் கயல் என் பெயரை முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள்.

பதினாலாம் நம்பர் அறையில் எட்டு பேர். எல்லோரும் டூட்டிக்குப் போயிருந்தார்கள். வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. ஆள் வந்து போகிற வாசல் இப்படியா இருக்கும்? ஜோடி சேர்த்து, வந்ததும் மாட்டிக்கொள்ள வசதியாக வரிசையாக வைத்தேன். தண்ணீர் எடுத்து வந்த கயல் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பாயி, காலைல அஞ்சு மணிக்கு அவங்க கழட்டிப் போட்டது அது. சாயங்காலம் அவங்க வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு காவல் இருக்கோம்."

ஓரமாக நின்ற கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். கேம்பில் படம் எடுக்க அன்று ஒரு நாள்தான் அனுமதி. ஏழு மணி நேர வேலையை என் கை கெடுத்துவிட்டது. பழையபடி கலைத்துவிடட்டுமா என்று குனிந்தேன்.

சோமு வேண்டாம் என்று கை காட்டினார். அப்படியே தரையில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார், கயல் எனக்குத் தமிழில் சொன்னாள். அவர் அப்பா இந்தப் பக்கம் ஒன்பது வருடம் வெல்டர். வீட்டுக்கு வந்தது ஒரே போட்டோ, யாருடைய காரிலோ சாய்ந்து நின்றபடி. எங்கே தூங்கினார், எங்கே செருப்பைக் கழற்றினார், ஒன்றும் தெரியாது. அதைப் பார்க்கத்தான் இந்தப் படமாம். நான் எலுமிச்சை சாதத்தைப் பிரித்தேன். சாப்பிட்டார்.

ஐந்து இருபதுக்கு பஸ் வந்தது. முதலில் வந்த புதுக்கோட்டை முருகேசன் வாசலில் நின்றுவிட்டான்.

"யாருடா வந்திருக்கா?"

"ஒன் மாமியாரா இருக்கும். உள்ள போ," என்றான் பின்னால் வந்தவன்.

சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொருவனும் சேஃப்டி ஷூவைக் கழற்றி, செருப்புக்குப் பக்கத்தில் நேராக வைத்துவிட்டு உள்ளே போனான். எட்டாவது ஆளும் போன பிறகும் சோமு கேமராவை நிறுத்தவில்லை.

இது படத்தில் இருக்குமா என்று கயலிடம் கேட்டேன். எடிட்டிங்கில்தான் தெரியும், மூன்று மாதம் எடுத்ததைத் தூக்கிப் போட்டவர் அவர் என்றாள். அந்தக் கவலை இன்னும் எனக்கு இருக்கிறது.

போகிறவர்களுக்கு: திரும்பும்போது மெட்ரோ, ஏழரை திர்ஹம்தான். கேம்புக்குச் சாப்பாடு கொண்டுபோனால் எட்டு பேருக்கும் சேர்த்துக் கொண்டுபோங்கள். எதையும் எடுத்து வைப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கயலு, உங்கள் படத்தின் இணையப் பக்கத்தில் சோமுவின் தலை கறுப்பாக இருந்த காலத்துப் போட்டோவையே வைத்திருக்கிறீர்கள். வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டாரே, அது உன் போனில் இருக்கிறது. அதைப் போடு. அவர் அம்மா ஊரில் இருக்கிறாராம்; பிள்ளை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டான் என்றாவது பார்க்கட்டும்.