பனியன் போட்ட கம்ப்யூட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை தலை காயவைக்கும் டிரையரைப் போட்டேன். அதன் பின்பக்கச் சல்லடையில் எப்போதோ அடைந்திருந்த பஞ்சு சூடேறி லேசாகக் கருகியது. புதுத் துணிக்கு இஸ்திரி போடும் வாசனை பாதி, நூல் பொசுங்கும் வாசனை பாதி. அடுத்த அறையிலிருந்து கணவர், "என்ன கருகுது?" என்றார். "திருப்பூர்" என்று சொல்லிவிட்டேன். அவர் மதுரைக்காரர், புரியவில்லை. உங்களுக்காவது விளக்கமாகச் சொல்கிறேன்.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்து முடித்ததும் நான் சேர்ந்த முதல் வேலை, திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனி. தெருவில் பாத்திரப் பட்டறைகளின் தட்டல், உள்ளே நிட்டிங் மெஷின்களின் இரைச்சல். மாடியில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு கம்ப்யூட்டரும் கட்டில் நீளத்துக்கு ஒரு பிளாட்டரும். பெரிய காகிதச் சுருளில் பேனாவால் கோடு போடும் இயந்திரம்தான் பிளாட்டர். டி-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் துணியின் அகலத்துக்குள் வீணாகாமல் நெருக்கி அடுக்கிப் பார்ப்பது என் வேலை. அதைப் பிளாட்டர் அளவு மாறாமல் வரைந்து தரும். அந்தக் காகிதத்தைத் துணிமேல் விரித்து, கோட்டின்படி வெட்டுவார்கள்.

நான் வரும்வரை, துணிமேல் வைத்து வரைய அட்டையும் சாக்பீஸும்தான். முதலாளி செந்திலண்ணன், மூடிப்போன வேறொரு கம்பெனியிலிருந்து இரண்டு இயந்திரங்களையும் ஜோடியாக ஓட்டிவந்தார். மாடு பிடித்து வந்தவரைப் போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முதல் நாளே என்னிடம் சொல்லியும்விட்டார்.

"அம்மிணி, ஒரு சீசன் பாப்பனுங்க. ஓடுச்சுன்னா இந்த ரூமு உங்குளுது. ஓடுலீன்னா இந்த வேலைய வெளிய குடுத்துப்போட்டு, உங்கள செக்கிங்குக்கு அனுப்பீர்றதுங்க."

செக்கிங் என்றால் நாள் முழுக்க மேசை முன் நின்று துணியில் ஓட்டை தேடுவது. கேவலமான வேலை ஒன்றுமில்லை, என் அத்தை பல வருஷம் செய்தார். ஆனால் அங்கே நிற்கிறவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. என் அறைக்கோ கட்டிங் மாஸ்டர் மூச்சு வாங்கப் படியேறி வந்து, "அம்மிணி, இந்த அகலத்துக்கு எத்தன உருப்படி உழுகும்?" என்று கேட்பார். என் அப்பா வயது அவருக்கு. நான் தட்டிப் பார்த்துச் சொல்வேன். அவர் தலையாட்டிவிட்டு இறங்குவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் தலையாட்டலுக்காகவே சீக்கிரம் கிளம்பிப் போவேன்.

ஒரு நாள், அடுக்கல் முக்கால்வாசி முடிந்த நேரத்தில், திரை கறுத்துவிட்டது. மறுபடி போட்டால் வந்தது. அரைமணியில் மறுபடி கறுத்தது. பெட்டியைத் தொட்டால் விரல் சுட்டது.

நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். மளிகைக்கும் போடுவேன், கோபத்துக்கும் போடுவேன். சூட்டுக்கான காரணங்களை வரிசையாக எழுதினேன். முதல் காரணம் எழுதாமலே தெரிந்தது: பஞ்சு. அந்தக் கம்பெனியில் பஞ்சு டீயில் மிதக்கும், புருவத்தில் உட்காரும், தயிர்ச்சாதத்தில் கலக்கும். கேபினட்டைத் திறந்தால் ஃபேனையே காணோம். அதன் இடத்தில் ஒரு கம்பளி வட்டம். கத்தரியால் வெட்டி எடுத்தேன். மேலே ரோஸ், அதற்குக் கீழே நேவி நீலம், அதற்கும் கீழே பச்சை. எந்த மாதம் எந்த நிறத்து ஆர்டர் ஓடியது என்று அதில் பார்த்துச் சொல்லலாம். கட்டிங்கில் துணித் தூசியை ஊதித் தள்ளும் ஏர் கன்னைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அந்தக் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் வரும் என்று மறுத்து, பெயின்ட் பிரஷால் துடைத்தேன். பிராசசரின் சூட்டைக் கடத்தும் பசை காய்ந்துபோயிருந்தது, சுரண்டிப் புதிதாகத் தடவினேன். ஒரு வாரம் ஓடியது. பிறகு மொத்தமாக நின்றுவிட்டது.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து பால்ராஜ் வந்தார். தூத்துக்குடிக்காரர், எந்த வயதுப் பெண்ணும் அவருக்கு அக்காதான். மதர்போர்டின் மேல் உப்பியிருந்த கெப்பாசிட்டர்களை ஸ்குரூடிரைவரால் தட்டிக் காட்டினார்.

"வெந்துட்டு எக்கா. போர்ட மாத்தணும்."

"மாத்திருங்க."

"மாத்தலாம். ஆனா ஒங்க பிளாட்டருக்கு இந்த நீளச் சாக்கெட்டுல்லா வேணும்? புது போர்டுல அது வராது. பழசுதான் தேடணும்."

தேடினார். திருப்பூரில் இல்லை. கோயமுத்தூரில் ஒன்று இருந்தது, அது வேறு பிராசசருக்கானது. ஈரோட்டில் இருப்பதாகச் சொன்னவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கீழே மறுபடியும் அட்டையும் சாக்பீஸும் வெளியே வந்தன. செந்திலண்ணன் அறை வாசலில் நின்று பிளாட்டரைப் பார்த்துவிட்டுப் போவார். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும். ஒருவழியாக அவிநாசியில் மூடிய ஒரு பிரவுசிங் சென்டரின் பழைய சாமான் மூட்டைக்குள்ளிருந்து போர்டு கிடைத்தது. மாட்டினோம். பிளாட்டர் கரகரவென்று முதல் கோட்டை இழுத்தபோது பால்ராஜுக்கு என் செலவில் முட்டை பப்ஸ் வாங்கித் தந்தேன்.

நான்காம் நாள், கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பிவந்தால் கம்ப்யூட்டர் பனியன் போட்டுக்கொண்டு நின்றது.

இங்கே சாந்தியக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலாளியின் மனைவி. தையல் பகுதி முழுக்க அவர் பொறுப்பு. கழித்துப்போட்ட துணியை வீணாக்க மனசு வராது. மிக்சிக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை, தண்ணீர் கேனுக்கு உறை. நிறம் சரியில்லை என்று ஆர்டர் கொடுத்த பையர் திருப்பியனுப்பிய சரக்கெல்லாம் அவர் வீட்டுச் சாமான்களின் மேல் உடுப்பாக இருந்தன. என் கம்ப்யூட்டருக்கு வந்தது பீச் கலர், ஓரத்தில் ரிப் பட்டை, அடியில் எலாஸ்டிக், உட்புறம் 'எம்' என்று சைஸ் லேபிள். அழகான தையல், பொய் சொல்லக் கூடாது.

"அக்கா, இது காத்து வாங்கணுமுங்க. மூடாம இருந்தா நல்லாருக்குமுங்க."

"அப்பிடீங்களா கண்ணு? செரிங் கண்ணு."

மறுநாள் உறை இருந்தது.

"அக்கா, சூடாகுதுங்க."

"ஏங்கண்ணு, பஞ்சு பூந்தா மிசினு என்னத்துக்காவும்? செரி, கழட்டிரு."

கழற்றினேன். டீ குடித்துவிட்டு வந்தால் இருந்தது. 'காற்று தேவை' என்று எழுதி கேபினட்டில் ஒட்டினேன். உறை அந்தக் காகிதத்தின் மேலேயே வந்து உட்கார்ந்தது. செந்திலண்ணனிடம் போனேன். "அவ ஆசையாத் தெச்சதுங்க அம்மிணி. மொகம் வாடிப்போகுமுங்க" என்றார். காற்றுதானே வேண்டும் என்று அக்காவே யோசித்து, விளையாட்டு ஜெர்சிக்கான சல்லடைத் துணியில் ஒன்று தைத்தார். அது பஞ்சை வடிகட்டிப் பிடித்து இரண்டே நாளில் மெத்தையானது. அந்த ஊரில் யாரும் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை. எல்லோரும் "செரிங்க" என்பார்கள், பிறகு அவரவர் நினைத்ததைச் செய்வார்கள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி, பற்களைக் கடித்துக்கொண்டே போவேன்.

சீசனின் பெரிய ஆர்டருக்கு அடுக்கல் போட்டுக்கொண்டிருந்த அன்று இரண்டாவது போர்டும் போனது. பால்ராஜ் வந்து உறையைத் தூக்கினார்.

"எக்கா, இதுக்குக் குளிருதுன்னா சொல்லிச்சு?"

வாசலில் சாந்தியக்கா நின்றிருந்தார். பால்ராஜ் ஸ்குரூவைத் தேடுவது போலக் குனிந்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

"என்னாலயா கண்ணு?"

"ஆமாங்க்கா."

"மின்னாலயே சொல்லீருக்கலாமுல்ல?"

என் வாழ்நாளில் அத்தனை கோபம் அதற்கு முன் வந்ததில்லை. ஆனால் அவர் முகத்தில் நடிப்பே இல்லை. நிஜமாகவே யாரும் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தார். 'நல்லாருக்குமுங்க' என்று இழுத்துச் சொன்னதெல்லாம் அவர் காதில், விருந்தாளி 'எதுக்குங்க சிரமம்' என்று சொல்லும் உபசாரமாகத்தான் விழுந்திருக்கிறது. நான் 'வேண்டாம்' என்ற சொல்லை ஒரு தடவைகூட உபயோகிக்கவில்லை. அவரும் 'மாட்டேன்' என்று சொன்னதில்லை. இத்தனை மரியாதைக்கு நடுவில் வெந்துபோனது போர்டு.

மூன்றாவது போர்டு எங்கும் கிடைக்கவில்லை. வேலை வெளியே போனது, நான் செக்கிங்குக்குப் போனேன். செந்திலண்ணன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்.

இன்றைக்கு அந்த நீளச் சாக்கெட்டைக் காட்டினால் என் ஆபீசில் புதிதாகச் சேர்கிறவர்கள் என்னவென்று கேட்பார்கள். பிளாட்டரைப் பட்டறைக்காரர் ஒருவர் பழைய இரும்பாக எடைக்கு எடுத்துப்போனார். அறையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, ஜன்னலை அடைத்துவிட்டார்கள்.

கட்டிங் மாஸ்டர் மட்டும் கொஞ்ச நாள் பழக்கதோஷத்தில் என் மேசைப் பக்கம் வந்து, "எத்தன உழுகும் அம்மிணி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கையில் துணியைப் பிடித்தபடி மனக்கணக்காகச் சொல்வேன். தலையாட்டுவார். ஒரு நாள் அளவுத் துணியோடு வந்தவர், நிற்காமல் என்னைக் கடந்து, வெளியிலிருந்து வந்த காகிதச் சுருளை எடுத்துக்கொண்டு போனார்.