ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை

முதலில் மன்னித்துவிடுங்கள். வைத்தியம் பற்றி எழுத நான் யார்? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ரேஷன் க்யூ, பால் பூத், மாடி வீட்டு ரேடியோ — வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் எழுதுவதெல்லாம் அவ்வளவுதான். ஆனால் போன வாரம் பார்த்ததை விட்டுவிட்டு வேறு எதை எழுத?

தி. நகரில் எங்கள் ஜவுளிக்கடை வாசலில் துணி பேல் இறக்க வந்த லாரி ரிவர்ஸ் எடுத்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் என் கணவர் மாட்டிக்கொண்டார். கடைக்குப் பின்னால்தான் வீடு. கூச்சல் கேட்டு ஓடினேன்... வேட்டியில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தரையில் படுத்தபடி பேசிக்கொண்டிருந்தார்.

“டிரைவரை அடிச்சிராதீங்கப்பா. பாதி பேல் இன்னும் வண்டியிலதான் கெடக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டால் பயம் போய்விடும் இல்லையா? யாரோ சோடா உடைத்தார்கள்.

கடை முதலாளி என் கணவரின் அண்ணன். இடுப்பெலும்புதானே, அடையாறு பக்கம் எலும்பு வைத்தியர் இருக்கிறார், கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று டாக்ஸி பிடித்தார். பின் சீட்டில் கணவரின் தலையை மடியில் வாங்கிக்கொண்டேன்.

கொட்டாவி விட்டார். உடனே இன்னொன்று. மறுபடி ஒன்று. சாப்பிட்ட நேரம்தான் — அதற்காக இத்தனை கொட்டாவியா? நெற்றியைத் தொட்டேன். ஈரம். ஐஸ் மாதிரி குளிர்ச்சி.

முன் சீட்டில் அண்ணன். கல்யாணமானதிலிருந்து அவர் எதிரில் நான் வாய் திறந்ததில்லை. ஏதாவது கேட்டால்கூட பதில் கதவுக்குப் பின்னாலிருந்துதான் போகும். அன்று டிரைவரிடம் சொன்னேன்: “ஆஸ்பத்திரிக்கு விடுங்க.”

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். “இன்னா சார், யார் பேச்சக் கேக்கறது? ஒண்ணா சொல்லுங்க.”

அண்ணன் திரும்பித் தம்பியின் முகத்தைப் பார்த்தார். “அவ சொல்லுத எடத்துக்குப் போ” என்றார்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். நாடி பிடித்தாள். கட்டிலில் கிடந்த விரிப்பை உருவி மடித்து இடுப்புக்கு அடியில் செருகினாள். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் இழுத்து இறுக்க, முடிச்சுப் போட்டாள். முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா என்று அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“படம் எங்கேயும் ஓடிடாது சார். ரத்தம்தான் ஓடிண்டிருக்கு.”

“ரத்தமே வரலியேம்மா...”

“வெளியில வரல்லை. உள்ள போறது.”

உடைந்த இடுப்பெலும்பு விரிந்துகொண்டால், உள்ளே பாட்டில் பாட்டிலாக ரத்தம் தேங்க இடம் உண்டாம். எலும்பை நெருக்கிக் கட்டினால் அந்த இடம் குறுகுமாம். தாமதித்தால்? பேசிக்கொண்டே போய்விடுவாராம். கை ஓயாமல் ஊசி குத்திக்கொண்டே சொன்னாள்.

ஒரு படுக்கை விரிப்பு! இத்தனை வருஷம் சமைத்துப் போட்ட உடம்பு. அதற்குள் ஓர் ஆளையே விழுங்குகிற இடம் இருக்கிறது... அதன் வாயை ஒரு முடிச்சு கட்டுகிறது! எனக்கு அழுகை வரவில்லை. வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

காய் நறுக்கும்போது விரல் கீறினால் தெருவே கூடுகிறது. உள்ளே ஆறு ஓடினால்... சோடா உடைக்கிறோம்.

ரத்தம் ஏற்ற வேண்டும் என்றாள் டாக்டர். அண்ணன் சட்டைக் கையை மடித்தார். எனக்கு அவர் எதிரில் நிற்கக் கூச்சமாக இல்லை.

மறுநாள் காலையில், விழுந்திருந்த பிரஷர் மேலே வந்திருந்தது. விரிப்புக் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. என் கணவர் நாலு ஸ்பூன் பார்லித் தண்ணீர் குடித்தார்.