மெய்ப்பு: ரமணி

பிறை நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் நாளெல்லாம் நின்றபடி மின்பலகைகளைச் சோதிப்பவள் ரமணி. ஞாயிறு பத்திரிகையில் எப்போதாவது அவள் கதை வந்துவிட்டால் போதும், அந்த வாரம் கால்வலி தெரியாது. அதைத் தெரிந்துகொண்டுதான் லாரி முதலாளி லோகேஸ்வரன் தன் வாழ்க்கைக் கதையை எழுதித் தரச் சொன்னார். மனிதர் வாட்சாப்பில் வாய்க்கு வந்ததைப் பேசி அனுப்புவார்; அழுவார், நடுவில் டிரைவரைத் திட்டுவார். அத்தனையையும் கேட்டு, தலையும் வாலும் வைத்து, தூக்கம் கெட்டு ஒரு முழுப் புத்தகமாக எழுதினாள் ரமணி. காசு வேண்டாம் என்றாள். அட்டையில் அவர் பெயரே இருக்கட்டும், உள்ளே ‘எழுத்தாக்கம்: ரமணி’ என்று ஒரு வரி வந்தால் போதும்.

“போட்டுடலாம்லா, தங்கச்சி,” என்றார்.

ஜார்ஜ்டவுன் மண்டபத்தில் வெளியீட்டு விழா. புதுச்சேலை கட்டி, கூட வேலை செய்யும் தனுஜாவையும் அழைத்துப் போனாள். புத்தகத்தைத் திறந்தால், பொடி எழுத்தில் ‘மெய்ப்பு: ரமணி’ என்றிருந்தது.

“மெய்ப்புன்னா என்னாக்கா?”

“அச்சடிக்கிறதுக்கு முன்னாடி பிழை பாக்குறது.”

“அப்ப எழுதுனது யாரு?”

ரமணி புத்தகத்தை மூடினாள்.

மேடையில், அரசு தந்த ‘டத்தோ’ பட்டக்காரர் ராமதாஸ் பண உறையை நீட்டி முதல் நூலை வாங்கினார். புரட்டினார். “நான் எப்பய்யா செத்தேன்?” என்றார் மைக்கிலேயே. அவர் படத்தின் கீழே ‘அமரர் ராமதாஸ்’ என்று போட்டிருந்தது! படப் பக்கங்களைக் கடைசி நேரத்தில் சேர்த்தவர் லோகேஸ்வரன். ரமணி கண்ணில்கூட அவற்றைக் காட்டவில்லை.

“மெய்ப்பு பாத்தது ரமணி, டத்தோ! தங்கச்சி, எந்திரிச்சு மன்னிப்பு கேளுங்க!” என்றார் லோகேஸ்வரன்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. யாரோ மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அந்தப் புத்தகத்துக்காக அவள் பெயர் மேடையில் ஒலித்தது அப்போதுதான். அத்தனை பேர் நடுவில் அவள் என்ன வழக்காடுவாள்?

“மன்னிச்சிடுங்க டத்தோ.”

கைதட்டினார்கள், பாவிகள்.

மறுநாள் லோகேஸ்வரன் செய்தி அனுப்பினார்: “புக்கு எல்லாம் முடிஞ்சிருச்சு! ரெண்டாம் பதிப்பு போடறோம். அந்த அமரர எடுத்துடுங்க.”

“என் பேரையும் எடுத்துடுங்கண்ணே,” என்று எழுதினாள் ரமணி. ஏன் என்று ஒரு வார்த்தையாவது கேட்பார் என்று திரையையே பார்த்திருந்தாள்.

உடனே வந்தது பதில். தூக்கிய கட்டைவிரல் ஒன்று.